கடல்நீர் உறிஞ்சும் ஒலியை அளப்பது எப்படி?

கேள்வி: கடலுக்குள் ஒலி போகப் போகத் தேய்கிறது. அது பரவுவதால் குறைவது எவ்வளவு, கடல்நீரே உறிஞ்சிக்கொள்வது எவ்வளவு என்று எப்படிப் பிரித்து அளக்கிறார்கள்?

பதில்: இரண்டும் தூரத்தோடு மாறும் விதம் வேறு என்பதால்தான் பிரிக்க முடிகிறது. எல்லாத் திசைகளிலும் பரவும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். உறிஞ்சலோ ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே அளவு டெசிபலைக் கழிக்கும். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் ஹைட்ரோபோனால் (நீருக்குள் ஒலியைப் பதியும் கருவி) அளந்தபோது வேறுபாடு 9.5 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பரவலுக்கான 6 போக மிஞ்சும் 3.5 டெசிபல், அந்த நூறு மீட்டர் நீர் உறிஞ்சியது. அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 35 டெசிபல். கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், தொடர்ந்து ஒலிக்காமல் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி, நேராக வந்து சேர்வதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

ஆய்வகத்தில் கையாளும் முறை இதைவிட அழகானது என்பது என் கருத்து. கண்ணாடிக் கோளம் ஒன்றில் நீரை நிரப்பி, அதை ஒலிக்கச் செய்து, ஒலியூட்டுவதை நிறுத்தியபின் அதிர்வு அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். நீரில் கரைந்த காற்றை முன்பே நீக்கிவிட வேண்டும். சின்னஞ்சிறு குமிழிகள்கூட ஒலியை விழுங்கிவிடும். தூயநீரை வைத்தும் இதையே செய்து ஒப்பிட்டால், கோளத்தின் சுவரால் நேரும் இழப்பைக் கழித்துவிடலாம். லெனார்டும் உடனாய்வாளர்களும் 1949-இல் இம்முறையில், தூயநீரைவிடக் கடல்நீரில் காணும் கூடுதல் உறிஞ்சலுக்குக் காரணம் கடலில் மிகுந்திருக்கும் சோடியம் குளோரைடு அன்று, மக்னீசியம் சல்பேட்டே என்று காட்டினார்கள். ஒலியின் அழுத்தம் ஏறி இறங்கும்போது மக்னீசிய, சல்பேட் அயனிகள் இணைவதும் பிரிவதும் சற்றே பின்தங்கி நிகழ்வதால், ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது.

ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இதே வேலையைச் செய்வது, லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் மட்டுமே உள்ள போரிக் அமிலம். 1 கிலோஹெர்ட்ஸில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.06 டெசிபல் அளவே; இதைச் சில கிலோமீட்டர் தூரத்தில் நம்பகமாக அளக்க இயலாது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேண்டும். அதிர்வெண் இன்னும் இறங்கினால் இழப்பும் இறங்கும்: 1991-இல் தென் இந்தியப் பெருங்கடலின் ஹேர்ட் தீவருகே எழுப்பிய 57 ஹெர்ட்ஸ் ஒலி, அமெரிக்காவின் இரு கரையோரங்களிலும் கேட்டது.