சிநேகிதி கடன் கேட்டால் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு சின்ன ஊர். வயது 26, நர்ஸாக வேலை பார்க்கிறேன். போன அக்டோபரில் எங்கள் சபையிலிருந்து 7 பேர் நேபாளம் போயிருந்தோம், கோர்க்கா மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமத்துக்கு. 12 நாள் தங்கிப் பள்ளிக்கூடத்துக்கு பெயின்ட் அடித்தோம், சாயங்காலம் பிள்ளைகளோடு விளையாட்டு. நான் தங்கிய வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு அரைகுறை ஹிந்தி, எனக்கு அதைவிட அரைகுறை. ஆனாலும் ராத்திரி 11 மணி வரை பேசிக்கொண்டிருப்போம். கிளம்பும் நாளில் நாங்கள் இரண்டு பேரும் அழுததைப் பார்த்து ஜீப்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி குடிக்கப் போய்விட்டார். ஊருக்கு வந்த பிறகும் தினம் வாட்ஸாப்பில் பேச்சுதான்.

போன மாதம் அவள் 8,000 ரூபாய் கேட்டாள், தம்பி படிப்புக்கு. டீம் லீடர் அண்ணனிடம் சொன்னேன். "ஆரம்பித்துவிட்டார்களா! ஒரு பைசா அனுப்பாதே, அதுதான் விதி" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு நான் பதிலே போடவில்லை. மூன்று வாரம் ஆகிறது. இந்த அக்டோபரிலும் டீம் அதே ஊருக்குப் போகிறது, என் பெயரும் இருக்கிறது. எந்த முகத்தோடு போவேன்? இது சிநேகம்தானா, இல்லை நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா?

எஸ்.


அன்புள்ள எஸ்,

இதை மேலே படிக்கும் முன் அவளுக்கு ஒரு வரி போட்டுவிடுங்கள். பணத்தைப் பற்றி ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறார்கள், அவ்வளவு போதும். கேட்டது கிடைக்காவிட்டால் மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஆனால் கேட்டுவிட்டு மூன்று வாரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பது இருக்கிறதே, அது கொடுமை.

போட்டாயிற்றா? சரி.

உங்கள் டீம் லீடர் சொன்ன விதியில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர் சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை. கேட்டது ஒருத்தி, 'ஆரம்பித்துவிட்டார்கள்' என்பதில் அந்தப் பன்மை எங்கிருந்து வந்தது? மற்றபடி விதிக்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் டீமில் ஒருவர் ஒரு வீட்டுக்கு மட்டும் பணம் கொடுத்தால், அடுத்த டீம் வந்து எந்த வீட்டில் தங்குவது என்பதிலேயே ஊர் இரண்டுபடும், பார்த்திருக்கிறேன். அதோடு நேபாளத்தில் மதம் மாற்றுவது குற்றம். 2015 அரசியல் சாசனத்திலேயே தடை இருக்கிறது, 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு, வெளிநாட்டுக்காரர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளில் நாட்டைவிட்டு வெளியே. சபை டீமிலிருந்து ஒரு வீட்டுக்குப் பணம் போனால் அதைப் பிடிக்காதவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள், மாட்டிக்கொண்டு நிற்பது உள்ளூர்ப் பாஸ்டர்.

ஆனால் நீங்கள் கேட்டது விதியைப் பற்றி இல்லையே. அதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 நவம்பரில் நானும் ஒரு டீமோடு நேபாளம் போனேன். 8 பேர். சென்னையிலிருந்து ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி, எல்லையை நடந்தே தாண்டி மறுபடி பஸ், மலேக்குவில் பொரித்த ஆற்றுமீனைத் தின்றுவிட்டு தாதிங் மாவட்ட மலைக்குள் தமாங் இனத்தாரின் ஒரு கிராமம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அந்த ஊரில் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அது ஒரு சனிக்கிழமை, பகல் 11.56. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பார்கள், ஆனால் அங்கே சபை கூடுவதும் சனிக்கிழமைதான், ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரம். நாடு முழுக்க இறந்தவர்கள் கிட்டத்தட்ட 9,000 பேர். நாங்கள் போகும்போது ஒன்றரை வருடம் ஆகியும் பாதி ஊர் தகரக் கொட்டகைக்குள்தான் இருந்தது.

நாங்கள் வீடு கட்டிக்கொடுக்கப் போனோம். அப்படித்தான் சபையில் அறிவித்து, முன்னே நிற்கவைத்து ஜெபித்து அனுப்பினார்கள். போய் இறங்கியதும் அந்த ஊர்க் கொத்தனார் எங்களைச் சுவர்ப் பக்கமே விடவில்லை. காரணம் நியாயமானது. அரசு அப்போது வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய் தந்தது, மூன்று தவணையாக. முதலில் 50,000, அஸ்திவாரத்தை இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி என்றால் ஒன்றரை லட்சம், அப்புறம் மீதி. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின பழைய சுவர்கள் இரண்டு பாளமாகப் பிரிந்துதான் விழுந்தன, அதனால் சுவரின் இரண்டு முகத்தையும் கோத்துப் பிடிக்கிற நீளக் கல்லை இத்தனை அடிக்கு ஒன்று வைக்க வேண்டும். அந்த மனிதர் கற்குவியலில் அப்படி ஒரு கல்லைத் தேடி எடுத்து, தட்டிப் பார்த்து, திருப்பி வைத்து, மறுபடி எடுத்து, ஒரு கல்லுக்குக் கால் மணி நேரம் செலவழிப்பார். எங்கள் கை பட்டு இன்ஜினியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒன்றரை லட்சம் போச்சு. ஆகவே பட்டதாரிகள் எட்டுப் பேரும் சித்தாள் ஆனோம். அதிலும் தோற்றோம். அங்கே கூடையை முதுகில் போட்டு அதன் பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்குவார்கள். மூன்று நடைக்கு மேல் என் கழுத்து ஒத்துழைக்கவில்லை, பக்கத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் அரட்டை அடித்தபடியே ஏறிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு பெயின்ட் அடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஊரில் பெயின்ட் அடிக்கத் தெரிந்த ஆள் நிச்சயம் இருந்திருப்பார். மனம் நோகச் சொல்லவில்லை, நானும் அதே ஜாதிதான்.

கொத்தனார் என்னைவிட மூத்தவர். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்பார்கள். முதல் இரண்டு நாள் ஒரு மீசைக்காரரைத் தாய் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவரோ மூன்றாம் நாள் என் பக்கம் திரும்பி, "தம்பி, சாப்பிட்டாச்சா?" என்றார். தமிழில்! தூக்கிவாரிப் போட்டது. மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் தமிழ் சூப்பர்வைசரிடம் நாலு வருடம் வேலை பார்த்தவராம். வசவு உட்பட ஒரு இருபது முப்பது வார்த்தை தெரிந்து வைத்திருந்தார், வசவு சுத்தமான உச்சரிப்பில்.

எல்லோரும் இப்படி இல்லை. "நீங்கள்தானே எண்ணெய் விலையை ஏற்றிவிட்டது?" என்று ஒரு பாட்டி முகத்துக்கு நேராகவே கேட்டார். 2015 செப்டம்பரிலிருந்து நாலைந்து மாதம் நேபாளம் போகும் லாரிகள் இந்திய எல்லையில் நின்றுபோயின அல்லவா, அது தன் வேலை இல்லை என்றது இந்தியா. அங்கே அதை நம்பின ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

நவம்பர் 8 ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்களில் ஒருவனுக்கு வீட்டிலிருந்து போன். நம் மணிக்கு எட்டு, அங்கே எட்டேகால். 500, 1000 செல்லாது. எங்களிடம் இருந்ததெல்லாம் 500 ரூபாய்க் கட்டு. முந்தின வருடம்தான் 25,000 வரை அந்த நோட்டுகளைக் கொண்டுபோகலாம் என்று விட்டிருந்தார்கள், நாங்களும் தைரியமாக மாற்றாமல் வைத்திருந்தோம். மறுநாள் தாதிங்பேசி என்ற ஊரின் பஜாருக்கு இறங்கினால் கடையிலும் வாங்கவில்லை, வங்கியிலும் வாங்கவில்லை. ஊர்க்காரர்கள் சிலரிடமும் அதே நோட்டு இருந்தது, இந்தியாவில் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. எட்டுப் பேர், எல்லை வரை பஸ் செலவுக்குக் காசில்லை, ரயில் டிக்கெட்டுக்கு இன்னும் நாலு நாள்.

அந்தக் கொத்தனார் யாரிடமோ வாங்கி வந்து 20,000 நேபாள ரூபாயை என் கையில் கொடுத்தார். நம் பணத்தில் 12,500. எண்ணவிட்டார். "எண்ணு தம்பி, கடன்" என்றார்.

அதுவரை நாங்கள் அந்த ஊருக்கு விருந்தாளிகள், கொஞ்சம் தொந்தரவான விருந்தாளிகள். அந்த ராத்திரியிலிருந்து பேச்சே மாறிவிட்டது. அடுப்படியில் உட்காரவைத்தார்கள், கேலி செய்தார்கள், கொத்தனார் தன் மகன் கத்தாருக்குப் போகத் துடிப்பதைப் பற்றி என்னிடம் புலம்பினார். முதல் மூன்று நாளும் அவர் வீட்டுக் கஷ்டம் ஒன்றைக்கூட என்னிடம் சொன்னதில்லை.

திருப்பி அனுப்ப நான் தாமதித்தேன். ஊர் வந்ததும் ஏடிஎம் வரிசை, கிறிஸ்துமஸ், அது இது. ஜனவரியில் போன் செய்து, "தம்பி, பணம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்குச் சுருக்கென்றதே, அதை நினைத்துத்தான் அப்புறம் வெட்கப்பட்டேன். கடனை அடைத்தாயிற்று. 2019-இல் அவர் கேட்டார், மகனுக்கு ஏஜென்ட் பணம், பெரிய தொகை. நான் பாதி கொடுத்தேன், மீதி முடியாது என்றேன். இரண்டு மாதம் பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலையில் அவரே கூப்பிட்டு ஒரு தமிழ் வசவோடு ஆரம்பித்தார்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்லவா? வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பிறகு தோர்ணக்கல் பிஷப் ஆனவர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு, மேடைக்கு முன்னால் பெரும்பாலும் வெள்ளைக்கார மிஷனரிகள். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள் என்று பேசி முடித்தார். அன்பைப் பற்றிய வேத அதிகாரமான 1 கொரிந்தியர் 13-ஐ அப்படியே அவர்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார். நாமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் பாருங்கள், இப்போது டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு டீமாக மலை ஏறுகிற இடத்தில் நாம் இருக்கிறோம். உங்கள் சிநேகிதி அன்றைக்கு அசரியா நின்ற இடத்தில் நிற்கிறாள்.

8,000 விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற சிநேகிதி தம்பி படிப்புக்கு 8,000 கேட்டால் என்ன செய்வீர்கள்? இருந்தால் கொடுப்பீர்கள், இல்லாவிட்டால் "இந்த மாதம் முடியாதுடி" என்பீர்கள், லீடரிடம் போய்க் கேட்கமாட்டீர்கள். அதையே இவளுக்கும் செய்யுங்கள். டீமில் இருந்துகொண்டு தனியாகக் கொடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டு போயிருந்தால் அந்த வாக்கு முக்கியம், அதை மறைக்காமல் அவளிடமே சொல்லுங்கள், கோபப்பட்டால் படட்டும். சபையின் விதி உங்களை ரூபாயில்தான் கட்டிப்போட முடியும், வாட்ஸாப்பில் இல்லை. அப்புறம், இத்தனை நாளில் அவளிடம் நீங்கள் எதையாவது கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அக்டோபரில் தசைன் பண்டிகை நேரம், காட்மாண்டுவிலிருந்து ஊர் திரும்புகிற கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது, தேதியை அதற்குத் தக்கபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போகும்போது நம் கடற்கரை நெத்திலிக் கருவாடு கொஞ்சம் எடுத்துப் போங்கள். அங்கே சித்ரா என்று சின்ன மீன் கருவாட்டை மிளகாயோடு இடித்துத் துவையல் செய்வார்கள், நம்முடையதைப் பார்த்தால் விடமாட்டார்கள். மூன்று பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள். நாங்கள் ஒன்றுதான் போட்டோம், நாக்பூர் தாண்டும் வரை கோச்சில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை.