கேளுங்கள், சொல்கிறேன்: ஏகாந்தம் ஏன் கசக்கிறது?

பிரிட்டனில் தனிமைக்கென்றே ஓர் அமைச்சர் உண்டாமே, நிஜமா?
- ஒரு வாசகர், கரூர்

நிஜம்தான். 2018 ஜனவரியில் அந்தப் பொறுப்பை உருவாக்கினார்கள். ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி. தனிமையில் வாடுபவர்களுக்காக வேலையைத் தொடங்கியிருந்தார். 2016-இல் அவர் கொல்லப்பட்ட பிறகு, அவர் பெயரில் இயங்கிய குழுவின் முயற்சியால் வந்த பதவி அது. 2021-இல் ஜப்பானும் ஓர் அமைச்சரிடம் இதை ஒப்படைத்தது. நீங்கள் கேலியாகக் கேட்டிருக்கலாம், எனக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

‘இனிது இனிது ஏகாந்தம் இனிது’ என்று ஔவை பாடினார். பிள்ளைகள் வெளியூரில், நான் தனியாக இருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் கசக்கிறது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

அம்மா, அந்தப் பாட்டை நாம் எல்லோரும் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். அதைவிட இனிது ஆதியைத் தொழுவது, அதைவிட இனிது அறிவுள்ளவர்களோடு சேர்ந்திருப்பது, அதையும்விட இனிது அவர்களைக் கனவிலும் நனவிலும் காண்பது என்று படி ஏறிக்கொண்டே போகிறது அது. ஏகாந்தம் முதல் படிதான். உங்களை அங்கேயே உட்காரச் சொல்லவில்லை.

மிஷேல் சிஃப்ர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், நிலவியல் படித்தவர். 1962-இல், 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் தனியாக இறங்கி இரண்டு மாதம் இருந்தார். தூங்கும்போதும் எழும்போதும் மேலே இருந்த குழுவுக்கு போன் செய்வார், ஆனால் அவர்கள் மணி என்ன என்று சொல்லக் கூடாது. வினாடிக்கு ஒன்று என்று 120 வரை எண்ணிப் பார்த்தார், முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. செப்டம்பர் 14 அன்று ‘போதும், வாருங்கள்’ என்று கூப்பிட்டபோது அவர் கணக்கில் தேதி ஆகஸ்ட் 20! பத்து வருடம் கழித்து டெக்ஸாஸில் இன்னொரு குகையில் ஆறு மாதம். அங்கே துணைக்கு ஒரு எலி கிடைத்தது. அதை வளர்க்கலாம் என்று ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடிக்கப் பார்த்தார், அது அடிபட்டுச் செத்துப்போனது. ஒரு எலிக்காக அந்த மனிதர் அப்படியே உடைந்துபோனார். இருட்டும் குளிரும் ஒரு காரணம், சரி. ஆனால் ‘நான் இருக்கிறேன்’ என்ற நினைப்பைக்கூட நாம் தனியாகச் சுமப்பதில்லை, பால்காரர் மணியும் எதிர்வீட்டுக் குக்கர் விசிலும் சேர்ந்துதான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் வேலையில் நான் தனி அறையில் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை டீக்கடையில் ‘ஒரு டீ’ என்று கேட்டால் குரலே வரவில்லை, கரகரவென்று ஏதோ வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘வரேன் சார்’ என்று சொன்னதுதான் கடைசியாகப் பேசியது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, தனிமை உணர்வும் பசி, தாகம் போல உடம்பு கொடுக்கிற எச்சரிக்கைதான் என்றார். ஆகவே கசக்கிறது என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாள்பட விட்டால் மனசு எதையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிக்கும், பக்கத்து வீட்டம்மா அவசரத்தில் பேசாமல் போனால்கூட வேண்டுமென்றே தவிர்க்கிறாள் என்று தோன்றும். அந்த இடத்துக்குப் போகும் முன்பே நீங்களாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தும் என் மனைவியின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அப்படியென்றால் எல்லோரும் பிறவியிலேயே தனியர்தானே?
- ஒரு வாசகர், மதுரை

வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று 1974-இல் தாமஸ் நேகல் என்ற தத்துவ அறிஞர் ஒரு கட்டுரையில் கேட்டார். அதன் மூளையை எவ்வளவு அலசினாலும் அதற்கு உள்ளே எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டாது என்பதுதான் அவர் வாதம். மறுக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் நடை பழகும் குழந்தை விழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? உடனே அழாது, முதலில் அம்மா முகத்தைப் பார்க்கும். ‘ஐயோ, வலிக்குதாடா கண்ணு’ என்று அவள் ஓடி வந்த பிறகுதான் ‘ஓ’ என்று அழும். வலி அதனுடையதுதான், அதற்குப் பேர் வைத்துக் கொடுத்தது இன்னொருத்தி. பூட்டிய அறை என்று நீங்கள் நினைக்கிற மனசுக்குள் இருக்கிற சாமானில் பாதி வெளியிலிருந்து வந்ததுதான் சார்.

மனைவியிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவே இல்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள், டி.வி.யை அணைத்துவிட்டு.