அட்ரோபின் ஊசி: சில கேள்விகள்

பூச்சிமருந்து அடிக்கும்போது அண்ணன் மயங்கி விழுந்தார். அவசரப் பிரிவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரோபின் போட்டார்கள். இத்தனை ஊசி தேவைதானா?

தேவைதான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள், நரம்புகளின் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் உடலில் குவியக் குவிய எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் வழியும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். இதில் உயிருக்கு உலை வைப்பது நுரையீரலில் ஊறும் நீர்தான். அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் இடத்தை அட்ரோபின் அடைத்துக்கொள்கிறது.

பெரியவர்களுக்கு 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்குவோம். பலன் தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து இரு மடங்கு, அப்புறம் அதற்கும் இரு மடங்கு. சரி, எங்கே நிறுத்துவது? கண்மணி விரிந்துவிட்டது என்று நிறுத்துவது ஆபத்தான தவறு. ஸ்டெதஸ்கோப்பில் கொரகொரப்பு அடங்கி, காற்று தடையில்லாமல் போய்வரும் சத்தம் கேட்க வேண்டும். நாடி 80-ஐத் தாண்ட வேண்டும், மேல் ரத்த அழுத்தமும் அப்படியே. அக்குளில் கைவைத்தும் பார்ப்பேன். ஈரம் காய்ந்திருந்தால்தான் எனக்கு நிம்மதி. அதன்பிறகு, அதுவரை கொடுத்த மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ட்ரிப்பாக ஏற்றுவோம்.

மறுநாள் அவர் உளறினார். இல்லாத நூலைப் பிடித்து இழுப்பதுபோல் விரல்களை ஆட்டினார். விஷம் மூளைக்கு ஏறிவிட்டதா?

பெரும்பாலும் அட்ரோபின் கூடிவிட்டதன் அடையாளம் இது. உளறலோடு உடம்பு சுட்டு, குடல் சத்தமும் நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். ட்ரிப்பை நிறுத்தி, தெளிந்தபின் குறைந்த வேகத்தில் தொடங்குவோம். இதை முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள்தான். தயங்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

நெஞ்சில் நீர் வற்றிய பிறகும் வென்டிலேட்டர் எதற்கு?

மூச்சை இழுக்கும் தசைகளின் தளர்ச்சியை அட்ரோபினால் சரிசெய்ய முடியாது. தசையில் அசிட்டைல்கோலின் ஒட்டும் இடங்கள் (ஏற்பிகள்) வேறு வகை. தசைகள் தேறும்வரை இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும்.

நாடி மிகவும் குறைந்தால் இதே ஊசிதானா?

ஆமாம், மயக்கமோ ரத்த அழுத்தச் சரிவோ சேர்ந்திருந்தால். ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிட இடைவெளியில், மொத்தம் 3 மில்லிகிராம் வரை. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு இது கைகொடுக்காது. அட்ரோபின் தடுப்பது, துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் வேலையை; அந்த இதயத்தில் அந்த நரம்பின் இணைப்பு அறுபட்டிருக்கும்.

இதயமே நின்றுவிட்டால்?

முன்பு கொடுத்தோம். பலன் கிடைக்காததால் 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வழிமுறையிலிருந்து இதை எடுத்துவிட்டது. அந்த நேரத்தில் நெஞ்சை விடாமல் அழுத்துவதும் எபிநெஃப்ரினும் (அட்ரினலின்)தான் முக்கியம்.