கிணற்றில் முதலில் வெறும் உறை இறங்கட்டும்

கேள்வி: தினமும் காலையில் தோட்டத்துக் கிணற்றில் நீந்துவேன். பாட்டுக் கேட்டபடியே நீந்தலாமே என்று, என் மியூசிக் பிளேயருக்கு நீர் புகாத உறை ஒன்றைக் காரைக்குடியில் வாங்கினேன். '10 மீட்டர் ஆழம் வரை' என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. நம்பிப் பிளேயரை உள்ளே வைக்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அட்டையை நம்பி வைக்காதீர்கள். நீர் புகாமையைக் காட்டும் தரக் குறியீடாக அதில் 'ஐபிஎக்ஸ்7' என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கவேண்டும் என்று பொருள். 'ஐபிஎக்ஸ்8' என்றால் ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் சொல்கிறபடி. எதுவானாலும் சோதிக்கப்பட்டது ஏதோ ஒரு மாதிரி உறை. உங்கள் கையில் இருப்பதை நீங்கள்தான் சோதிக்கவேண்டும்.

மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் கசியும். துடைத்துவிட்டு மூடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், தூசிதான் ஒட்டும். இங்க் பேனாவால் கோடு போட்ட தாளை மடித்து உள்ளே வையுங்கள். இயர்போனைச் செருகியே சோதியுங்கள்; பெரும்பாலும் ஒழுகுவது அந்தத் துளைதான். முற்றத்தில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து உறையை அமுக்கிப் பிடியுங்கள். முதலில் வரும் சில குமிழிகள் வெளியே ஒட்டியிருந்த காற்று. ஒரே இடத்திலிருந்து விடாமல் வந்தால் அதுதான் ஓட்டை.

இதில் தேறினால் கிணறு. உள்ளே காற்று இருப்பதால் உறை மிதக்கும். துணியில் சுற்றிய கல்லோடு தாம்புக் கயிற்றில் கட்டி, நீங்கள் மூழ்கும் ஆழத்துக்கு இறக்கி அரைமணி நேரம் விடுங்கள். எடுத்ததும் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகே திறக்கவேண்டும். அவசரப்பட்டால் மூடி மேல் நின்ற தண்ணீர் தாளில் சொட்டும், நல்ல உறைமீது வீண்பழி விழும். நான் ஒருமுறை அப்படித்தான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்த் தலைகுனிந்து திரும்பினேன். மை கலங்காமல் இருந்தால் மறுநாளும் ஒருமுறை செய்யுங்கள்.

வெயிலில் காய்ந்த உறையை மூடிக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே பனிபோல் படியும். கசிவு என்றால் ஒரு மூலையில் தேங்கி நிற்கும். ப்ளூடூத் இயர்போன் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்; தண்ணீருக்குள் அந்த அலை சில அங்குலம்கூடத் தாண்டாது. கிணற்று மேட்டிலிருந்து குதிப்பவராக இருந்தால், விழும் வேகத்தில் தண்ணீர் உறையை அறையும். நாம் செய்த சோதனையில் அது அடங்காது. படியில் இறங்கி நீந்துங்கள்.

பில்லையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பல உத்தரவாதச் சீட்டுகள் உறையை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லும், உள்ளே நனைந்த பிளேயருக்குப் பொறுப்பேற்காது. சோதனையிலேயே ஒழுகினால் கடையில் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.