புற்றோரக் காளானும் எருக்குழிக் காளானும்: எதைச் சமைக்கலாம்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் எங்களுக்கு மானாவாரிக் காடு இருக்கிறது. இந்த வாரம் பெய்த மழைக்குப் பிறகு, வேலியோரம் கறையான் புற்றையொட்டி வெள்ளைக் காளான் நிறைய முளைத்திருக்கிறது. எருக்குழிப் பக்கமும் பெரிய பெரிய குடைக் காளான்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மஞ்சளும் வெள்ளிக் காசும் போட்டுக் கொதிக்க வைத்து, காசு கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் என் மாமியார். அது சரியா? எப்படிச் சமைப்பது?

பதில்: எருக்குழிப் பக்கம் இருப்பதைச் சமைக்கவே வேண்டாம். புற்றோரக் காளானில், கீழே சொல்லும் அடையாளங்கள் ஒன்றுவிடாமல் பொருந்தினால் தாராளமாகச் சமைக்கலாம். மழைக்காலத்தில் நம் மண் தரும் உணவுகளில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் வெள்ளிக் காசை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். அவித்த முட்டை பட்டாலும் கறுக்கும். உயிரைப் பறிக்கும் அமனிட்டா வகைக் காளான்களின் நஞ்சுக்கும் வெள்ளிக்கும் தொடர்பே கிடையாது. அதைக் கொதிக்க வைத்த பானையிலும் காசு பளபளப்பாகவே இருக்கலாம். மஞ்சளோ, சுண்ணாம்பு மாதிரியான காரப்பொருள் பட்டால்தான் சிவக்குமே தவிர, காளான் நஞ்சைக் காட்டாது. அரிசி நிறம் மாறுகிறதா, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். நத்தை கடித்திருந்தால் நல்ல காளான் என்பதும் தவறு. மனிதனைக் கொல்லும் காளானை நத்தை தின்றுவிட்டுச் சும்மா போகும். வேகவைத்து நீரை வடித்தாலும், வெயிலில் காயவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. முன்பு கிராமத்தில் பாதுகாப்பாகச் சாப்பிட்டவர்கள், எந்தப் புற்றில் எந்த மழைக்கு எது முளைக்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் மட்டும் பறித்தார்கள். அவர்களைக் காத்தது அந்த இட அறிவு. உங்கள் மாமியாருக்கு அது தெரிந்திருந்தால் காசை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அடையாளம். புற்றுக்காளான் கறையான் இல்லாமல் முளைக்காது. மண்ணுக்குள் கறையான்கள் மக்கிய இலை, மரத்துகளை மென்று, பஞ்சு போன்ற பழுப்பு அடை கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்கின்றன. நல்ல மழை பெய்து மண் ஊறியதும் அந்த அடையிலிருந்து காளான் மேலே கிளம்புகிறது. இந்த உறவை 1779-லேயே எழுதி வைத்தவர், தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த யோஹான் கோனிக். கறையானை விலக்கிவிட்டு இதைச் சிப்பிக்காளான் மாதிரி கொட்டகையில் வளர்க்க முடியாததற்கும் காரணம் இதுதான்.

ஆகவே பார்க்க வேண்டிய முதல் இடம் மண்ணுக்கு அடியில். காளானை மேலே ஒடித்து எடுத்தால் மிக முக்கியமான அடையாளம் மண்ணிலேயே போய்விடும். ஒன்றிரண்டையாவது களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி முழுதாக எடுங்கள். புற்றுக்காளானின் காம்பு தரைமட்டத்தோடு முடியாது. போகப் போக மெலிந்து, நீண்ட வேராகக் கீழே இறங்கி அந்தப் பழுப்பு அடையில் போய் நிற்கும். அடை எவ்வளவு ஆழமோ வேர் அவ்வளவு நீளம். ஒரு சாணும் இருக்கும், ஒரு முழத்தைத் தாண்டியும் இருக்கும். புற்று மேலே தெரியாத இடத்திலும், அடியில் அடை இருந்தால் முளைக்கும்.

அடுத்து குடையைப் பாருங்கள். நடுவில் பம்பர ஆணி மாதிரி கெட்டியான, சற்றே கருத்த கூர்முனை இருக்கும். மண்ணைத் துளைத்து வர அதுதான் உதவுகிறது. விரிந்த பிறகு குடையின் ஓரம் கீறல் கீறலாகப் பிளக்கும். குடைக்கு அடியில் தகடு தகடாக உள்ள செவுள்கள் நெருக்கமாக, காம்பைத் தொடாமல் நிற்கும்; முதலில் வெள்ளை, பிறகு லேசான இளஞ்சிவப்பு. காம்பின் அடியில் பை போன்ற கிண்ணம் இருக்கவே கூடாது. காம்பில் வளையம் இருந்தால்? பெரும்பாலான புற்றுக்காளானுக்கு வளையம் இல்லை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-ல் விவரித்த டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற வகைக்குத் தடித்த வளையம் உண்டு. ஆகவே வளையத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வேரைப் பாருங்கள்.

மூன்றாவது, வித்துத்தூள் சோதனை. இதைத் தவிர்க்க வேண்டாம். விரிந்த குடை ஒன்றின் காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பாக உள்ள தாளில் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரால் மூடி, 4 முதல் 6 மணி நேரம் விடுங்கள். தாளில் படியும் தூள் இளஞ்சிவப்பாக இருந்தால் புற்றுக்காளானாக இருக்கலாம். வெள்ளை, பச்சை, துருப்பழுப்பு என்றால் மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். இளஞ்சிவப்பு மட்டும் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள்: எண்டோலோமா என்ற இனத்தில் நச்சுக்காளான்கள் உண்டு, அவற்றின் தூளும் அதே நிறம்தான். ஆனால் அவற்றின் செவுள் பொதுவாகக் காம்போடு ஒட்டியிருக்கும், கறையான் அடைக்குப் போகும் வேரும் இருக்காது. வேர் உள்ள வேறு காளான்களும் உண்டு. அவற்றின் தூள் பெரும்பாலும் வெள்ளை. வேர், கூர்முனை, ஒட்டாத செவுள், இளஞ்சிவப்புத் தூள் நான்கும் சேர்ந்து, அடியில் கிண்ணமும் இல்லாவிட்டால்தான் அடுப்பு பற்றவைக்கலாம்.

எருக்குழி ஓரம் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பச்சைத்தூள் குடைக்காளான், அதாவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். மட்கு நிறைந்த மண்ணிலும் புல்தரையிலும் மழைக்குப் பின் கூட்டமாகவோ வட்டமாகவோ வரும். வெள்ளைக் குடையில் பழுப்புச் செதில்கள், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். இளசாக இருக்கும்போது செவுள் வெள்ளையாகவே இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். முற்றிய பிறகே பச்சை தெரியும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கு நீர்ச்சத்து வற்றி ஆபத்தாகிவிடும்.

பறிக்கும்போது முதல் கவலை பாம்பு. நீளக் குச்சியால் தட்டிவிட்டு, காலில் செருப்புக்குப் பதில் ஷூ போட்டுப் போங்கள். புற்றுப் பொந்தில் கையை விடாதீர்கள். அடையாளம் தெரிந்த பிறகு எல்லாவற்றையும் அடைவரை தோண்ட வேண்டாம், திருகி மெல்ல இழுத்தால் போதும். அடை சிதையாவிட்டால் அடுத்த பருவத்துக்கும் அதே இடத்தில் வரும். புற்றுக்குக் குளோர்பைரிபாஸ் போன்ற கறையான் மருந்து ஊற்றியிருந்தாலோ, பக்கத்தில் களைக்கொல்லி அடித்திருந்தாலோ அங்கே பறிக்காதீர்கள். எவ்வளவு நல்ல காளானாக இருந்தாலும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும்.

மொட்டாக இருப்பதும் அன்று விரிந்ததும்தான் ருசி. செவுள் பழுப்பேறி, காம்பு தொளதொளத்து, புழு நெளிந்தால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். கூடையிலோ காகிதத்திலோ எடுத்து வந்து அன்றே சமையுங்கள். முழுக் காளான் இரண்டைச் சமைக்காமல் காகிதத்தில் சுற்றி, மறுநாள் மாலைவரை ஃபிரிஜ்ஜில் வையுங்கள். காரணம் கடைசியில் வருகிறது.

வேர்ப்பகுதியைக் கத்தியால் சுரண்டி, மண் ஒட்டிய நாரை வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று தண்ணீரில் சட்டென்று அலசினால் போதும், ஊறப்போட்டால் நீரைக் குடித்துச் சப்பென்று ஆகிவிடும். குடையைக் கையால் நார்வாக்கில் கிழியுங்கள். காம்பை மட்டும் மெல்லிய வில்லையாக நறுக்குங்கள், அது வேக நேரம் பிடிக்கும்.

300 கிராம் காளானுக்கு நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், வரமிளகாய் 2, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை. மிளகு சீரகத்தைக் கொரகொரப்பாகத் தட்டிக்கொள்ளுங்கள். எண்ணெயில் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு வதங்கியதும் காம்பைப் போட்டு 3 நிமிடம், பிறகு குடையும் மஞ்சளும். தண்ணீர் ஊற்றாதீர்கள்; காளானே விடும். அந்த நீர் வற்றும்வரை திறந்த வாணலியில் 12 முதல் 15 நிமிடம் நன்றாக வேகட்டும். அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறு கெடும். உப்பையும் மிளகுத்தூளையும் நீர் சுண்டிய பிறகு போடுங்கள். முதலிலேயே உப்பு போட்டு, நீர் வற்றியதும் பார்த்தால் கரிக்கும். கரம் மசாலா இதற்கு வேண்டவே வேண்டாம், அதன் மணத்தையே மூடிவிடும்.

முதல்முறை சாப்பிடுகிறவர் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். நல்ல காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காட்டுக் காளான் கொடுக்க வேண்டாம்.

காளான் சாப்பிட்ட பிறகு வாந்தி வந்தால், கைவைத்தியம் செய்யாமல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழையுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்த அந்த இரண்டு காளானையும், சமைத்ததில் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று சொல்லுங்கள். 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தியும் பேதியும்தான் அதிகம் பயப்பட வேண்டியவை, அமனிட்டா நஞ்சு அப்படித்தான் வேலை செய்யும். ஒரு நாளில் வாந்தி நின்று தேறிவிட்டது போலத் தெரியும், உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்வரை அங்கேயே இருங்கள். உடன் சாப்பிட்ட எல்லோரையும், உடம்புக்கு ஒன்றும் ஆகாதவர்களையும்கூட, அழைத்துப் போங்கள்.