உழாமல் உளுந்து போட்டால் விளைச்சல் குறையுமா?

கேள்வி: ஐயா, தாளடி நெல் (இரண்டாம் போகம்) அறுவடைக்கு வந்துவிட்டது. எப்போதும் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவோம். அறுத்த பிறகு உழுது விதைத்தால் கூடுதலாக விளையும் என்கிறார் பக்கத்து வயல்காரர். எங்களுக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) கிடையாது. என்ன செய்யலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: போர் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அப்படியானால் உழவே வேண்டாம்.

நம் களிமண்ணில் நெல் விட்டுப்போகிற ஈரம்தான் உளுந்துக்கு மொத்தத் தண்ணீரும். 65, 70 நாள் அதுதான் தாங்க வேண்டும். ஒரு வருஷம் ஆசைப்பட்டு நானும் ஒரு ஏக்கரை உழுது பார்த்தேன். தேங்காய் தேங்காயாகக் கட்டி பெயர்ந்தது, மறுசால் ஓட்டியும் உடையவில்லை. இரண்டே நாள் வெயிலில் ஈரம் போய்விட்டது. முளைத்ததும் நாலு இலையோடு கருகியது. டீசல் காசுகூட வரவில்லை.

பக்கத்து வயல்காரர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 63 நாடுகளின் வயல் சோதனைகளைத் திரட்டி 2015-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. உழாத வயல்களில் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைவு. ஆனால் வறண்ட மானாவாரியில், அறுத்த பயிரின் தாளை வயலிலேயே விட்டு, பயிரையும் மாற்றிப் போட்ட இடங்களில் 7.3 சதவீதம் கூடுதல். பாசன வசதி இருந்தால் நானும் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

சரி, விதை தெளிக்க மண்ணின் ஈரப்பதம்தான் முக்கியம். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு வயலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். குதிகால் தடம் மெழுகில் பதிந்த மாதிரி விழ வேண்டும். தடத்தில் தண்ணீர் ஊறினால் விதை அழுகும். தடமே விழாவிட்டால் நாள் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

அறுக்க செயின் வண்டியே (டயருக்குப் பதில் பட்டைச் செயினில் ஓடும் அறுவடை மெஷின்) கூப்பிடுங்கள், டயர் வண்டி ஓடிய தடத்தில் முளை பிழைக்காது. எப்படியும் கொஞ்சம் சேதமாகும் என்பதால் நான் ஏக்கருக்கு 12 கிலோ விதை தெளிக்கிறேன். ஒரு அடி தாள் நிற்கட்டும். மெஷின் கொட்டிய வைக்கோல் குவியலாகக் கிடந்தால் அடியில் முளை வெளுத்துச் செத்துப்போகும். அன்றைக்கே உதறிப் பரப்பிவிடுங்கள். மெல்லிசாகக் கிடந்தால் அதுவே ஈரத்தைக் காக்கும்.

அப்புறம், உழாததால் அடியுரம் போட வழியில்லை, இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை சாயங்காலத்தில் அடியுங்கள்.