18,000 பவுண்டு இழுக்கும் வண்டி போதாதா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வசிக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். கோடை விடுமுறையில் கொலராடோ போய்வர ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்கப்பின் சரக்குப் பகுதியில் மாட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள இழுவண்டி) பார்த்து வைத்திருக்கிறோம். காலி எடை 9,600 பவுண்டு. சாமான்களுடன் அதிகபட்சம் 12,500. அதற்கு 'முக்கால் டன்' என்று வகைப்பெயர் சொல்லும் டீசல் பிக்கப் ஒன்றை விற்பனையாளர் காட்டினார். 18,000 பவுண்டு இழுக்குமாம். கதவோர ஸ்டிக்கரில் 2,150 என்று ஏதோ போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 18,000 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது "ஏதோ" என்று நீங்கள் எழுதிய 2,150தான். ஆட்களும் சுமையுமாக அந்த வண்டி தன்மேல் தாங்கக்கூடிய மொத்த எடை அது.

சாதாரண டிரெய்லரைப் பின் பம்பருக்குக் கீழே மாட்டுகிறோம். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டிமேல் இறங்கும். ஃபிஃப்த் வீலின் மூக்கோ பிக்கப்பின் சரக்குப் பகுதிக்குள், பின் அச்சுக்கு மேலேயே வந்து உட்காருகிறது. இறங்குவது 20 முதல் 25 சதவீதம். 12,500க்குக் குறைந்தது 2,500 ஆயிற்று. நீங்கள் நால்வரும் இன்னும் ஏறவில்லை. 150 பவுண்டுக்குக் குறையாத இணைப்புக் கருவியையும் வைக்கவில்லை.

விளம்பரத் தாளில் முன்பாரம், அதாவது டிரெய்லர் மூக்கு பிக்கப்மேல் இறக்கும் எடை, குறைவாகத்தானே இருக்கிறது என்று அடுத்துக் காட்டுவார்கள். அது காலி டிரெய்லரின் கணக்கு. பெரிய சாமான் அறை பெரும்பாலும் மூக்கை ஒட்டித்தான் இருக்கும். மடக்கு நாற்காலி, அடுப்பு, பேட்டரி, கேஸ் சிலிண்டர் என அங்கே திணிப்பதெல்லாம் பிக்கப்பின் தலையில்தான் விடிகிறது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை பொருத்திக்கொள்ளலாம் என்பார்கள். தாழ்ந்த பின்புறத்தை அது நிமிர்த்தும். ஸ்டிக்கர் எண்ணை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

அடுத்த பெரிய வகையான 'ஒரு டன்' பிக்கப்பில், பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியைப் பாருங்கள். 25 சதவீத முன்பாரமே 3,125; கருவியும் நீங்கள் நால்வரும் சேர்ந்தால், ஸ்டிக்கரில் 3,800க்குக் குறையக் கூடாது. இரட்டைச் சக்கர வண்டி இன்னும் தாங்கும். ஆனால் அதன் மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு என்றால், டிரெய்லருடையதும் சேர்ந்து 26,000ஐத் தாண்டிவிடும். டெக்சாஸில் அதற்கு வணிகம் சாராத 'ஏ' வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். உங்கள் டிரெய்லருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை.

பெட்ரோல் இன்ஜின் விலையும் எடையும் குறைவு; அதனால் தாங்குதிறன் கூடும். சமவெளிப் பயணம் என்றால் அதையே சொல்லியிருப்பேன். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஏற்றத்தையாவது மெதுவாக ஏறிக் கடக்கலாம். இறக்கத்தில்தான், புகைப் போக்கை அடைத்து இன்ஜினைக்கொண்டே வேகத்தைக் குறைக்கும் டீசல் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக் அருமை தெரியும்.

சரக்குப் பகுதி 8 அடி நீளம் இருந்தால் நல்லது. ஆறரை அடி என்றால், பின்னோக்கி ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை பிக்கப்பின் பின்கண்ணாடியில் இடிக்கலாம். அப்படி இடிக்காமல் டிரெய்லரைப் பின்னால் தள்ளிவைக்கும் நகரும் வகை இணைப்புக் கருவிக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

ஒரே மாடலிலேயே தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று சேரச் சேர ஸ்டிக்கர் எண் குறைந்துகொண்டே போகும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன், வாங்கப்போகும் அதே வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.